ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அப்பா இடப்பக்கத்தைக் கவனிப்பதே இல்லை, கண்ணில் குறையில்லை என்கிறார்கள். என்ன செய்வது?

அப்பா வேண்டுமென்று செய்யவில்லை. வீட்டில் சிலர் "பிடிவாதம்" என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். என் கணவரையும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் சூடாகவே இருக்கும்.

அவருக்கு மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு. பேச்சும் ஞாபகமும் தெளிவாகவே இருந்தன. ஆனால் தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு இன்னும் பசிக்கிறது என்பார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவார். முகத்தில் வலது பக்கம் மட்டும் சவரம் செய்வார். இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பித் தேடுவார். கண் சோதனையில் ஒவ்வொரு எழுத்தாகச் சுட்டிக் காட்டினார்கள், கடைசி வரி வரை சொன்னார். பார்வையில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சோதனை பார்வையின் கூர்மையை மட்டும்தான் அளக்கும்.

கடைசியில் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான், அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர், கண்டுபிடித்தார். ஒரு கோட்டின் நடுவைக் குறிக்கச் சொன்னார், இவர் வெகுவாக வலப்பக்கம் தள்ளிக் குறித்தார். பல படங்களுக்கு நடுவே, அடிக்கும் மணியின் படம் 35 இடங்களில் சிதறிக் கிடக்கும் தாள் ஒன்று உண்டு. அதில் வலப்பக்க மணிகளை மட்டும் வட்டமிட்டுவிட்டு "முடிந்தது" என்றார். அப்புறம் தெரபிஸ்ட் தன் மூக்கையே பார்க்கச் சொல்லி விரல்களை அசைத்தார். இடப்பக்க விரல் தனியாக அசைந்தபோது இவருக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து அசைந்தபோது வலப்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. பார்வை இருக்கிறது, கவனம்தான் அந்தப் பக்கம் போகவில்லை. இதை நெக்லெக்ட் என்கிறார்கள்.

இதற்குத் தேவைப்பட்டது தாளும் பேனாவும்தான். அதற்கு நான் எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருந்தது! அதோடு, நோயாளியுடன் இரவெல்லாம் விழித்திருப்பவர் சாய்ந்து உட்கார அந்த வார்டில் ஒரு நாற்காலி கிடையாது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் அப்பாவுக்கு பெரிமெட்ரி, அதாவது பார்வைப் புலச் சோதனை, செய்தார்களா என்று கேளுங்கள். ஸ்ட்ரோக்கில் இரண்டு கண்களிலும் ஒரே பக்கத்துப் பார்வை போய்விடுவதும் உண்டு, அதன் பெயர் ஹெமியனோப்பியா. அது மட்டும் இருப்பவர் பெரும்பாலும் குறையை உணர்ந்து தலையைத் திருப்பித் தேடுவார். நெக்லெக்ட் உள்ளவருக்குத் தேடவே தோன்றாது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். பயிற்சி இதைப் பொறுத்து மாறும்.

இது கண்ணோடு நிற்கும் விஷயமும் இல்லை. 1978இல் பிசியாக், லுட்ஸாட்டி என்ற ஆய்வாளர்கள் இருவர், இப்படிப்பட்ட நோயாளிகளிடம் மிலான் நகரின் பேராலயச் சதுக்கத்தை நினைவிலிருந்து விவரிக்கச் சொன்னார்கள். பேராலயத்தைப் பார்த்து நிற்பதாகக் கற்பனை செய்தபோது இடப்பக்கக் கட்டடங்கள் விடுபட்டன. எதிர்ப்புறம் திரும்பி நிற்பதாக நினைக்கச் சொன்னதும் விட்டவற்றையே சொன்னார்கள், முதலில் சொன்னவை விடுபட்டன. பிடிவாதம் என்று பேசுபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது தேடிப் பார்க்கும் பயிற்சி. பக்கத்தின் இடது ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு, அது கண்ணில் படும் வரை படிக்கத் தொடங்கக் கூடாது. இடது விரல்களை, சிறிதளவே முடிந்தாலும், இடப்பக்கத்திலேயே அசைக்கச் சொன்னார்கள். காட்சியை வலப்பக்கம் நகர்த்திக் காட்டும் ப்ரிஸம் கண்ணாடி போட்டு, இலக்கைச் சுட்டிப் பழகும் முறையும் உண்டு. 1998இல் ரொசெட்டி குழுவினர் வெளியிட்டது அது. இவருக்கு அதனால் பெரிய மாற்றம் தெரியவில்லை, வேறு ஒருவருக்குத் தெரியலாம்.

ஆதாரம் போதாது என்று யாராவது பின்னூட்டம் போடுவீர்கள். உண்மைதான், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2021 தொகுப்பே இந்தச் சிகிச்சைகளின் பலன் உறுதியாகவில்லை என்றுதான் சொல்கிறது. நான் மருத்துவரும் இல்லை. ஆனால் ஆதாரம் குறைவு என்பதற்காகச் சோதனையே செய்யாமல் வீட்டுக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது.

தாளில் நன்றாகச் செய்தாலும் நம்பிவிடாதீர்கள், உடை உடுத்தும்போதும் கதவைத் தாண்டும்போதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கேத்தரின் பெர்ஜெகோ அளவுகோல் இதற்காகவே இருக்கிறது. பத்து அன்றாடச் செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 (குறையே இல்லை) முதல் 3 (குறை மிக அதிகம்) வரை மதிப்பெண். நோயாளி தனக்குத் தானே போடும் மதிப்பெண்ணையும் கேட்டு ஒப்பிடுவார்கள். தன் குறை அவருக்கு எவ்வளவு தெரிகிறது என்பது அந்த வித்தியாசத்தில் தெரிந்துவிடும். என் கணவர் தனக்குப் போட்டுக்கொண்டது கிட்டத்தட்ட பூஜ்யம்.

அழைப்பு மணியையும் தண்ணீரையும் அவர் கவனிக்கும் பக்கத்திலேயே வையுங்கள், அவசரத்துக்குக் கை எட்ட வேண்டும். இடப்பக்கம் உட்கார்ந்து பேசுவது போன்ற பயிற்சியெல்லாம் பக்கத்தில் ஆள் இருக்கும்போது போதும். அப்பா வண்டி ஓட்டுபவர் என்றால், மருத்துவர் சரி என்று எழுதிக் கொடுக்கும் வரை சாவி உங்களிடமே இருக்கட்டும். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.