"காலனின்னா கெட்ட வார்த்தையாம்மா?"

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவன் வகுப்புப் பையன்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மாணவனின் போட்டோவைப் போட்டு, மேலே 'காலனிப் பையன்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். என் மகன் அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறான். கேட்டால், "காலனின்னா கெட்ட வார்த்தையாம்மா? சும்மா கலாய்க்கிறாங்க" என்கிறான். போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் சாதி பற்றிப் பேசியதே இல்லை. இப்போது உட்காரவைத்து விளக்கினால், தெரியாததை நானே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ?
- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிடுங்கி வைத்தால், அடுத்த முறை அம்மா கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான். நாளைக்கு அவனையே குறிவைத்து யாராவது எழுதினாலும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டான்.

அப்புறம் உங்கள் பயம். அவனுக்கு ஏற்கெனவே தெரியும். முழுதாக இல்லை, எந்த வார்த்தைக்கு வகுப்பு சிரிக்கும் என்கிற அளவுக்குத் தெரியும். வீட்டில் பேசாவிட்டாலும் பஸ்ஸில், ரீல்ஸில், திருவிழா பேனரில், கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தில் எல்லாம் அவன் அதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறான். இன்னொன்றையும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பிள்ளையை எட்டாம் வகுப்பு வரை வளர்த்துவிட முடிகிறது என்றால், அது அந்தச் சொல் தன் மேல் விழாத வீடுகளுக்கு மட்டும் கிடைக்கிற வசதி. போட்டோவில் இருக்கிற பையனின் அம்மா இதை எப்போதோ பேசியிருப்பார், பேச வேண்டி வந்திருக்கும்.

அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி, அதற்குத் திட்டாதீர்கள். ரயில்வே காலனி, போலீஸ் காலனி என்றால் யாரும் சிரிப்பதில்லை. ஊரை விட்டுத் தள்ளி தலித் மக்களுக்கு இடம் ஒதுக்கிக் கட்டிய குடியிருப்புகளுக்கும் அதே பெயர்தான் வந்தது, ஆனால் 'ஊர்' ஒரு பக்கம், 'காலனி' இன்னொரு பக்கம் என்று ஆன பிறகு, "நீ காலனியா?" என்று ஒருவன் கேட்டால் அவன் விலாசம் கேட்கவில்லை. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில், இது வசைச்சொல்லாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவிக்கிற அளவுக்கு அந்த வார்த்தை பழுத்துப்போயிருந்தது. இதை அப்படியே மகனிடம் சொல்லுங்கள். "அகராதியில அது கெட்ட வார்த்தை இல்லடா, யார் யாரைப் பார்த்து எதுக்காகச் சொல்றாங்கங்கறதுலதான் இருக்கு" என்று சொன்னால் பதின்மூன்று வயதுப் பையனுக்கு நன்றாகவே புரியும்.

எதிர்த்து நின்றவர்கள் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவன் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பெயர்களுக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லுங்கள். பெரும்பாலும் இருக்காது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயரோடு சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், அதன் பிறகு எத்தனையோ பேர் தங்கள் பெயரிலிருந்து தாங்களே அதை வெட்டி எறிந்தார்கள்.

சின்னப் பசங்க விளையாட்டு என்று என்னால் விட முடியாததற்குக் காரணம் நாங்குநேரி. 2023 ஆகஸ்ட்டில் பிளஸ் டூ படித்த ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே அங்கே அவன் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. பள்ளியில் அவனைச் சீண்டியதில்தான் அது தொடங்கியது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்யச் சொன்னது. உங்கள் மகனை அவர்களோடு சேர்க்கவில்லை. ஆனால் சீண்டுகிறவனுக்குத் தெம்பு தருவது சுற்றி நின்று சிரிக்கிறவர்கள்தான். எனக்கு இது தெரியும், ஏழாம் வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்த ஒருத்தியை அவள் தெருப் பெயரைச் சொல்லி ஒருவன் கூப்பிட்டபோது நானும் சிரித்தேன். யார் கூப்பிட்டான் என்பதை அவள் பார்க்கவில்லை, என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

சரி, அவன் என்ன செய்ய வேண்டும்? எமோஜியை எடுக்கட்டும். அந்தப் பையனைத் தனியாகப் பார்த்து, "நான் சிரிச்சது தப்புடா, ஸாரி" என்று மட்டும் சொல்லட்டும், "விளையாட்டுக்குத்தான்" என்று ஒட்டுப்போட வேண்டாம். குரூப்பில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள், அந்தப் போட்டோ மறுபடி பேச்சாகிவிடும். அந்தப் பையன் பதில் பேசாமல் போகலாம், அது அவன் உரிமை. இனிமேல் இப்படி வந்தால் "டெலீட் பண்ணுடா" என்று ஒரு வரி போதும். அதற்குத் தைரியம் வராத நாளில், மத்தியானம் அந்தப் பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிடட்டும், அதை வகுப்பு முழுக்கப் பார்க்கும்.

வீட்டிலும் கொஞ்சம் கவனியுங்கள். பேசியதே இல்லை என்கிறீர்கள், ஆனால் கல்யாண வீட்டில் "அவங்க நம்மாளுங்களா?" என்று யாரும் கேட்டதே இல்லையா? அடுத்த முறை யாராவது கேட்டால், அது உங்கள் அண்ணனாகவே இருந்தாலும், மகன் காதில் விழும்படியே "அது எதுக்குண்ணே நமக்கு?" என்று சொல்லிவிடுங்கள்.

பள்ளிக்குப் போவதற்கு முன் அந்தப் பையனின் அம்மாவிடம் பேசுங்கள். புகார் கொடுத்தால் விளைவு முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் வரும், அதனால் அவர் சம்மதம் இல்லாமல் எதுவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வையுங்கள், மற்ற அம்மாக்களுக்கு அனுப்பாதீர்கள், வகுப்பு ஆசிரியரிடம் நேரில் காட்டுங்கள். தலித், பழங்குடி மக்களைப் பொதுவெளியில் சாதியைச் சொல்லி மற்றவர்கள் இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இதைச் சொல்லி மகனை மிரட்ட வேண்டாம், ஆனால் தெரிந்திருக்கட்டும். பள்ளியில் கண்டுகொள்ளாவிட்டால் கல்வித்துறை உதவி எண் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டும் இருக்கின்றன. அந்த அம்மா போன் செய்ய நினைத்தால் கூட இருங்கள்.