ஐபீரிய லின்க்ஸ் மீண்டது எப்படி? கேள்வி பதில்

கதிர்: 2002-ல் நூறுகூட இல்லாத ஐபீரிய லின்க்ஸ் இப்போது இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டதாமே, எப்படி?

பதில்: முயலிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வாழும் இந்தக் காட்டுப்பூனையின் உணவில் முக்கால் பங்குக்கு மேல் முயல்தான். 1950-களில் மிக்சோமட்டோசிஸ், 1980-களின் கடைசியில் ரத்தக்கசிவு நோய் என இரண்டு வைரஸ்கள் முயல்களை வாரிக்கொண்டு போயின. கண்ணியும் துப்பாக்கியும் வேறு. கடைசியில் ஸ்பெயினில் டொன்யானா, சியர்ரா மொரேனா என இரண்டே இடங்களில்தான் குட்டி போட்டு வாழ்ந்தன. நில உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள், முயலுக்குப் புதரும் வளையும் அமைத்தார்கள். கூடவே இனப்பெருக்க மையங்களும் வந்தன. 2005-ல் எல் அசெபுச்சே மையத்தில் சலியேகா என்ற பெண் லின்க்ஸ் முதல் குட்டிகளை ஈன்றது. அப்படிப் பிறந்தவற்றின் வாரிசுகள் இன்று போர்ச்சுகலின் மெர்த்தோலா பக்கம்கூடத் திரிகின்றன. நினைத்தாலே மனம் நிறைகிறது.

முயல் இல்லாத இடத்தில் லின்க்ஸை விடுவது அதைப் பட்டினி போடுவதுதான். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

நிலா: ஓரிடத்தில் 648 என்கிறார்கள், இன்னோரிடத்தில் 2,000. எது சரி?

பதில்: இரண்டும் சரி. 648 என்பது 2022-ல் இருந்த வளர்ந்த விலங்குகள். குட்டி, இளசு எல்லாம் சேர்த்து 2023-ல் எண்ணியபோது இரண்டாயிரத்துக்கு மேல். 2024-ல் ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இதை 'அழியும் அபாயம்' என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்கி, 'பாதிக்கப்படக்கூடியது' என்று மாற்றியது. ஆபத்து தீர்ந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

ரமேஷ்: குட்டியை வீட்டில் வளர்க்கலாமா?

பதில்: கூடாது.

செல்வம்: முயலைத் தின்னும் விலங்கை விட்டால் முயல் குறையத்தானே செய்யும்? வேட்டைக்காரர்கள் கோபப்படுவது நியாயம்தான்.

பதில்: அப்படித் தோன்றும், ஆனால் நடப்பது வேறு. லின்க்ஸ் தன் எல்லைக்குள் செந்நரியையும் கீரியையும் விடாது. ஸ்பெயினின் எக்ஸ்ட்ரீமதுரா பகுதியில் லின்க்ஸ் வந்த இடத்தில் அவை இரண்டும் வெகுவாகக் குறைந்தன. எல்லா வேட்டை விலங்கும் சேர்ந்து தின்னும் முயலின் அளவே இறங்கியது.

செல்வம்: அப்படியானால் நரியைச் சுட்டாலே போதுமே?

பதில்: போதாது. சுட்ட இடத்துக்குப் பக்கத்துக் காட்டு நரி வந்துவிடும். லின்க்ஸ் வருடம் முழுக்க அங்கேயே இருக்கிறது. அதோடு நரிக்கு வைக்கும் பொறியிலும் கண்ணியிலும் லின்க்ஸே சிக்கிச் சாகிறது. முயல் வேட்டை நிலைக்க வேண்டும் என்று நினைப்பவர் லின்க்ஸின் பக்கம் நிற்க வேண்டும். ஸ்பெயினில் பல நில உரிமையாளர்கள் அப்படித்தான் நிற்கிறார்கள்.

மீனா: இப்போது மொத்தம் எத்தனை இருக்கின்றன?

பதில்: நிலாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அருள்: ஒரு சில ஜோடிகளைப் புதுக் காட்டில் விட்டால் தானே பெருகிவிடாதா?

பதில்: ஸ்லோவேனியாவைப் பாருங்கள். அங்கே இருப்பது பெரிய உறவினரான யூரேசிய லின்க்ஸ். 1973-ல் ஆறே ஆறு விலங்குகளை விட்டார்கள். முதலில் நன்றாகப் பெருகின. பிறகு சொந்தத்துக்குள்ளேயே இணைந்து இணைந்து நலிந்து போயின. ருமேனியாவிலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் புது ரத்தம் கொண்டுவர வேண்டியதாயிற்று. டொன்யானாவிலும் இதே சிக்கல்தான், அங்கே சியர்ரா மொரேனா விலங்குகளைச் சேர்த்தார்கள்.

ஜான்: வீட்டில் வளர்க்க உரிமம் கிடைக்குமா?

பதில்: ரமேஷுக்குச் சொன்னதேதான். இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

தேவி: இன்று அதிகம் கொல்வது எது?

பதில்: வாகனங்கள். இளம் விலங்கு புது இடம் தேடிக் கிளம்பும்போது சாலை குறுக்கே வருகிறது. வேலியும் சாலைக்கு அடியில் செல்லும் வழியும் அமைத்த இடங்களில் பலன் இருக்கிறது. எல்லாச் சாலையிலும் அவை இன்னும் வரவில்லை.