எழுபதாயிரம் கட்டுவதற்கு முன் ஒரு குளத்தை அளக்கட்டும்

அன்புள்ள ஐயா,

மகள் பி.எஸ்ஸி. புவியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், திண்டுக்கல்லில் ஒரு பயிற்சி மையம் ஆறு மாத ஜி.ஐ.எஸ். (கணினியில் வரைபடத் தரவைக் கையாளும் முறை) படிப்புக்கு 70,000 ரூபாய் கேட்கிறது, வேலை நிச்சயம் என்கிறார்கள், நகையை வைத்துக் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

துறை மோசம் என்று நான் சொல்லவரவில்லை. புவியியல் படித்தவருக்கு இது நல்ல வழிதான். ஆனால் இப்படிப்பட்ட வகுப்புகள் பலவற்றில் மென்பொருளில் எந்தப் பட்டனை அமுக்குவது என்பதைத்தான் சொல்லித்தருகிறார்கள். கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம், 8 ஜி.பி. ரேம் உள்ள சாதாரண லேப்டாப்பில் ஓடும். பட்டன்களை அதில் வீட்டிலிருந்தே பழகலாம். வகுப்பில் தரவை ஆசிரியரே பெண்டிரைவில் கொடுத்துவிடுவார், எல்லாம் பிசகாமல் பொருந்தும். அலுவலகத்தில் அப்படி யாரும் கொடுக்க மாட்டார்கள். ‘இந்த வட்டாரத்து ஓடைகள் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்’ என்பார்கள். அந்தத் தரவு எங்கே கிடைக்கும், எந்த ஆண்டில் எடுத்தது, பயன்படுத்த நமக்கு உரிமை உண்டா என்று தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரைத்தான் நிறுவனங்கள் வைத்துக்கொள்கின்றன.

போன ஆண்டு ஒரு மாணவர் தன் வேலையைக் காட்டினார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து மாவட்டவாரியாக வண்ணமிட்ட தமிழ்நாட்டு வரைபடம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தென்காசி, கள்ளக்குறிச்சி எல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. “அங்க டேட்டா இல்ல சார்” என்றார். இல்லாமல் எங்கே போகும்? 2011இல் நம் மாநிலத்தில் 32 மாவட்டங்கள். 2019, 2020 ஆண்டுகளில் ஆறு சேர்ந்து 38 ஆயின. தென்காசி மக்கள் அன்றைக்குத் திருநெல்வேலிக் கணக்கில் இருந்தார்கள். அவர் படத்தில் திருநெல்வேலி இன்றைய சிறிய எல்லைக்குள் பழைய பெரிய மக்கள்தொகையை வைத்துக்கொண்டு நின்றது. வெள்ளையாகத் தெரிவதாவது கண்ணில் படும். சென்னை படாது. அந்த மாவட்டம் 2018இல் பக்கத்து மாவட்டப் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டு இரண்டு மடங்குக்கு மேல் பெரிதானது. பழைய எண்ணைப் புது எல்லையில் போட்டால் நெரிசல் பாதியாகக் குறைந்ததுபோல் தெரியும். வட்டம் அளவுக்கு இறங்கி, எந்த வட்டம் எங்கே போனது என்று பார்த்துக் கூட்டினால்தான் சரிவரும். இதில் பெயர்க் குழப்பம் வேறு. ஒரு கோப்பில் தூத்துக்குடி, இன்னொன்றில் டூட்டிகொரின். கணினிக்கு இரண்டும் வேறு ஊர். அதனால் பெயரை நம்பாமல், கணக்கெடுப்புத் துறையும் மத்திய அரசின் உள்ளாட்சி அடைவும் (எல்.ஜி.டி.) தந்திருக்கும் குறியீட்டு எண்களை வைத்து இணைக்க மகள் பழகட்டும்.

இனி, தரவு கிடைக்கும் இடங்கள். மாவட்ட, வட்ட எல்லைகளுக்கு சர்வே ஆஃப் இந்தியா. 1767இல் தொடங்கிய துறை, தலைமையகம் டேராடூன். ஒரு காலத்தில் அவர்களுடைய சில டோப்போ ஷீட்டுகளை, அதாவது நில அமைப்பு வரைபடத் தாள்களை, வாங்கக் கடிதத்தோடு அலைய வேண்டும். 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் அந்தக் கெடுபிடியைப் பெருமளவு தளர்த்திவிட்டன. இப்போது அவர்கள் இணையதளத்தில் பதிவு செய்தால் பலவும் கிடைக்கும். சாலை, தெரு, கட்டடம் வேண்டுமானால் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். 2004இல் தொடங்கியது, தன்னார்வலர்கள் வரைவது. 2015 சென்னை வெள்ளத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்தது இந்த வரைபடத்தின் மேல்தான். நகரங்களில் நெருக்கமாக இருக்கும், குக்கிராமங்களில் ஒரு கோடுகூட இருக்காது. அது தரவின் குறை, நிலத்தில் பாதை இல்லை என்று அர்த்தமில்லை.

மலை உயரத்துக்கு எஸ்.ஆர்.டி.எம். என்ற உயரத் தரவு. எண்டவர் விண்ணோடம் 2000 பிப்ரவரியில் 11 நாள் சுற்றி ரேடாரால் எடுத்தது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. கொடைக்கானல் சரிவை அதில் நன்றாகப் பார்க்கலாம், அதற்குப் பிறகு தோண்டிய கல்குவாரியைப் பார்க்க முடியாது. இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் கார்ட்டோசாட் செயற்கைக்கோளின் உயரத் தரவும் உண்டு. செயற்கைக்கோள் படங்களில் லேண்ட்சாட் 1972இலிருந்து இருக்கிறது, 2008 முதல் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 இன்னும் நுணுக்கம், அதுவும் இலவசம்.

நிலம் வைத்திருப்பவர் என்பதால் எஃப்.எம்.பி., அதாவது நிலத்தின் புல வரைபடம், உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். அதையும் மகள் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கட்டும். வரப்பின் நீளம் இருக்கும், அட்சரேகை தீர்க்கரேகை இருக்காது. அந்தத் துண்டை உலக வரைபடத்தில் அதன் இடத்தில் கொண்டுபோய் உட்காரவைப்பதே தனி வேலை, அதற்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு.

உங்கள் மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. தூரமும் பரப்பும் மீட்டரில் அளக்க, உலகத்தை 6 டிகிரி அகலத் துண்டுகளாக, அதாவது மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 43ஆம் மண்டலம் முடிந்து 44 தொடங்குவது 78 டிகிரி கிழக்கில். அந்தக் கோடு திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே போகிறது. பழனியும் கொடைக்கானலும் 43, நத்தம் 44. இரண்டு அலுவலகத்துத் தரவு இரண்டு மண்டலத்தில் வரும், மண்டலம் எது என்று குறிக்காவிட்டால் நத்தம் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப்போய் விழும். மாவட்டம் முழுக்க வேலை செய்வதானால் ஒரே மண்டலத்தைத் தேர்ந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வரைபடத் தரவைச் சேமிக்கும் ஷேப்ஃபைல் என்பதும் பார்க்க ஒரே கோப்புபோல் இருக்கும், உண்மையில் நாலைந்து கோப்புகள் சேர்ந்த குடும்பம். வாட்ஸ்அப்பில் ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு ‘திறக்கவில்லை’ என்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். மண்டலத்தைச் சொல்வதும் அந்தக் குடும்பத்தில் ஒரு சின்னக் கோப்புதான், பாதி நேரம் வழியில் தொலைவது அதுதான்.

உரிமை விஷயத்தையும் மகளிடம் சொல்லிவையுங்கள். கூகுள் மேப்பைப் பார்த்து அப்படியே கோடு வரைந்து தன் தரவு என்று கொடுக்கக் கூடாது, அவர்கள் விதிமுறை அதை அனுமதிக்கவில்லை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை எடுத்தால் பெயர் போட வேண்டும். இந்திய எல்லையை வெளிநாட்டுத் தளத்திலிருந்து இறக்கினால் காஷ்மீர் வேறு மாதிரி இருக்கும். அப்படி வெளியிடுவது இங்கே சட்டப்படி குற்றம், சர்வே ஆஃப் இந்தியா எல்லையையே பயன்படுத்த வேண்டும்.

வேலை பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். முதல் வேலை பெரும்பாலும் திரையைப் பார்த்துக் கோடு வரைவதுதான். அலுப்பாக இருக்கும், சம்பளமும் சுமார்தான். அரசுத் திட்டங்களில் ஒப்பந்த வேலைகளே அதிகம். மேலே போகிறவர்கள் பைத்தான் நிரலாக்கமும் தரவுத்தளமும் கற்றவர்கள். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் (ஐ.ஐ.ஆர்.எஸ்.) நடத்தும் இணைய வகுப்புகள் இலவசம், சான்றிதழும் தருகிறார்கள், அதில் முதலில் சேரட்டும். எம்.எஸ்ஸி. முடித்து எம்.டெக். நினைத்தால் கேட் நுழைவுத் தேர்வில் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸ் (நில அளவையும் வரைபடத் தரவும் சேர்ந்த துறை) தனித்தாளாகவே இருக்கிறது. அதற்கு இன்னும் நாளிருக்கிறது.

இந்த விடுமுறைக்கு ஒரே ஒரு வேலை போதும். உங்கள் வட்டத்துக் குளங்களில் ஜனவரியில் எவ்வளவு பரப்பில் தண்ணீர், மே மாதம் எவ்வளவு என்று சென்டினல்-2 படத்தை வைத்து அளக்கட்டும். அதில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 100 கட்டம். லேண்ட்சாட்டில் அதே குளம் 11 கட்டம்தான், கரை எது தண்ணீர் எது என்று பிரிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகைப் படங்களை எடுக்க வேண்டாம், மேகம்தான் இருக்கும். பச்சை ஒளியையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டுத் தண்ணீரைப் பிரிக்கும் சூத்திரம் செயற்கைக்கோள் படங்கள் பற்றிய பாடங்களிலேயே இருக்கும். எந்தத் தரவை எந்தத் தேதியில் எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிவரட்டும். நேர்காணலில் சான்றிதழைவிட அந்த நோட்டு பேசும்.

படம் முடிந்ததும் நீங்களே வண்டியில் கூட்டிக்கொண்டு போய் நாலு குளத்தைக் காட்டுங்கள். கணினி ‘தண்ணீர் இல்லை, பயிர்’ என்று சொன்ன இடத்தில் ஆகாயத்தாமரைக்கு அடியில் தண்ணீர் நிற்கும். இன்னொன்றில் பச்சையாகத் தெரிந்தது சீமைக்கருவேலமாக இருக்கும். எத்தனை குளத்தில் கணினி ஏமாந்தது என்று எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பயிற்சி மையம் வேண்டுமா வேண்டாமா என்று அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.