கல்லூரித் தரப் பாடங்களும் அமெரிக்கச் சிற்றூர்ப் பள்ளிகளும்: கேள்வி பதில்

அமெரிக்கச் சிற்றூர்ப் பள்ளிகளில் ஏ.பி. எனப்படும் அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட் பாடங்களும் அவற்றுக்கு நிகரான பிற கல்லூரித் தரப் பாடங்களும் பல மாணவர்களுக்கு எட்டாமல் இருப்பதைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஊர்ப்புறப் பள்ளி மாவட்டம் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) ஒன்றில் முதலில் கணித ஆசிரியராகவும், பிறகு பாட அட்டவணை வகுப்பவராகவும் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். ஆகவே விடைகளில் கணிதத்தின் வாடை சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

கேள்வி: மருத்துவப் பணி ஒப்பந்தத்தின் பேரில் நெப்ராஸ்காவில் ஒரு சிற்றூருக்கு வந்திருக்கிறோம். மகள் 9ஆம் வகுப்பு. அவள் பள்ளியில் ஏ.பி. பாடங்கள் இரண்டே இரண்டுதான். நகரத்தில் வாழும் உறவினர் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு எடுக்கிறார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் இவள் பின்தங்கிவிடுவாளா?

பதில்: விண்ணப்பத்தைப் பொறுத்தவரை கவலை வேண்டாம் அம்மா. மாணவியின் மதிப்பெண் பட்டியலோடு 'ஸ்கூல் ப்ரொஃபைல்' என்ற குறிப்பு ஒன்றையும் பள்ளியின் கவுன்சிலர், அதாவது மாணவர் ஆலோசகர், அனுப்புவார். அப்பள்ளி எந்தெந்தப் பாடங்களை நடத்துகிறது என்பது அதில் இருக்கும். தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரிகள், கிடைத்த வாய்ப்பை மாணவி எவ்வளவு பயன்படுத்தினாள் என்றே பார்க்கின்றன. நடத்தப்படாத பாடத்தை எடுக்கவில்லை என்று குறை சொல்வதில்லை. அந்தக் குறிப்பை மட்டும் ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். சிறிய பள்ளிகளில் கவுன்சிலர் ஒருவரே நாலு பேர் வேலையைச் செய்வதால், என்றோ எழுதிய குறிப்பே ஆண்டுதோறும் போய்க்கொண்டிருக்கக் கூடும்.

உண்மையான கவலை சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. பொறியியல் முதலாண்டில், பள்ளியிலேயே ஓராண்டு நுண்கணிதம் (கால்குலஸ்) படித்துவிட்டு வந்தவர்கள் பக்கத்து இருக்கையில் இருக்க, அதை முதன்முறை கேட்பவருக்கு முதல் இரண்டு மாதங்கள் மூச்சு வாங்கும். எத்தனை ஏ.பி. என்று எண்ணுவதை விட்டுவிட்டு, 12ஆம் வகுப்பு முடியும்போது கணிதத்தில் எந்தப் படியில் நிற்பாள் என்று கணக்கிடுங்கள்.

கேள்வி: சிறிய பள்ளிகளில் இப்பாடங்கள் இல்லாததற்கு ஆசிரியர் பற்றாக்குறைதானே காரணம்?

பதில்: பாதிக் காரணம் அதுதான். அதைத் தீர்த்தாலும் மற்றப் பாதி அப்படியே நிற்கும். அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, கணிதப் படிக்கட்டு. இயற்கணிதம் ஒன்று, வடிவியல், இயற்கணிதம் இரண்டு, முன்நுண்கணிதம், நுண்கணிதம் என்று ஐந்து படிகள், ஒவ்வொன்றும் ஓராண்டு. முதற்படியை 8ஆம் வகுப்பில் ஏறியவர் 12இல் நுண்கணிதத்தைத் தொடுவார். 9இல் ஏறியவர் முன்நுண்கணிதத்தோடு பள்ளியை விட்டு வெளியேறுவார். 8ஆம் வகுப்பில் இயற்கணிதமே நடத்தாத பள்ளி, தலைசிறந்த நுண்கணித ஆசிரியரைக் கூட்டி வந்தாலும் அவர் முன் உட்கார மாணவர் இருக்கமாட்டார்கள். 17 வயதில் மூடியிருப்பதாகத் தெரியும் கதவை 13 வயதிலேயே யாரோ சத்தமில்லாமல் சாத்தியிருக்கிறார்கள்.

இரண்டாவது, கால அட்டவணை. ஒரு வகுப்புக்கு நாற்பது மாணவர் உள்ள பள்ளியில் ஏ.பி. வேதியியல் நாளில் ஒரே ஒரு மணி நேரம்தான் நடக்கும். அதே நேரத்தில் இசைக்குழுப் பயிற்சியோ ஸ்பானிஷ் மூன்றாம் நிலையோ இருந்தால் மாணவர் இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும். நான் அட்டவணை வகுத்த முதல் ஆண்டில் ஏ.பி. வேதியியலுக்கு விருப்பம் தெரிவித்தவர் ஒன்பது பேர். இசைக்குழுவும் அதே நேரத்தில் வந்ததைக் கவனிக்காமல் விட்டேன். செப்டம்பரில் வகுப்பில் இருந்தவர் மூவர். அந்த வகுப்பு மறு ஆண்டு 'ஆர்வமின்மை' என்ற பெயரில் நிறுத்தப்பட்டது. மாணவர் ஆர்வத்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லை, பிழை என்னுடையது. பின்னர் வேதியியலையும் இயற்பியலையும் ஓராண்டு விட்டு ஓராண்டு மாற்றி மாற்றி நடத்தி, 11, 12 இரு வகுப்பினரையும் ஒன்றாக உட்கார வைத்தோம். சிறிய பள்ளிக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு பாடத்தை நாளுக்கு 90 நிமிடம் வீதம் அரையாண்டிலேயே முடித்துவிடும் 'பிளாக்' முறையில் இயங்கும் பள்ளிகளில் இன்னொரு இடரும் உண்டு. ஏ.பி. தேர்வு நாடு முழுவதும் மே மாதத்தில்தான். டிசம்பரில் பாடத்தை முடித்தவர் மே வருவதற்குள் மறந்துவிடுவார். ஜனவரியில் தொடங்கியவருக்குப் பாடம் முடியவே முடியாது.

சட்டம் போட்டால் தீருமா என்றும் சிலர் கேட்பதுண்டு. ஆர்கன்சா மாநிலம் 2003இல் இயற்றிய சட்டம், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல் ஆகிய நான்கு துறைகளிலும் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தலா ஒரு ஏ.பி. பாடமாவது நடத்த வேண்டும் என்று விதித்தது. தேர்வுக் கட்டணத்தையும் மாநிலமே ஏற்றது. பாடம் பட்டியலில் ஏறுவதற்கு இது போதும். மேலே சொன்ன இரண்டு முடிச்சுகளையும் அந்தந்தப் பள்ளிதான் அவிழ்த்தாக வேண்டும்.

கேள்வி: ஏ.பி., டூயல் என்ரோல்மென்ட், ஐ.பி. இவற்றில் ஊர்ப்புற மாணவருக்கு எது உகந்தது?

பதில்: ஐ.பி. என்பது இன்டர்நேஷனல் பேக்கலோரியேட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம். அதை நடத்தப் பள்ளி அந்த அமைப்பின் அங்கீகாரம் பெற வேண்டும். ஆண்டுக் கட்டணமும் உண்டு. சிறிய பள்ளிக்குப் பெரும்பாலும் தாங்காது. மற்ற இரண்டையும் பார்ப்போம்.

காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு 1955 முதல் நடத்திவரும் ஏ.பி.யில் ஓராண்டு உழைப்பும் ஒரே தேர்வில் 1 முதல் 5 வரையிலான மதிப்பெண்ணாகச் சுருங்கிவிடும். பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் 3க்கே கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) தருகின்றன. கடும்போட்டி உள்ள கல்லூரிகள் 4 அல்லது 5 கேட்கும், சில எதற்கும் தருவதில்லை. டூயல் என்ரோல்மென்டில் மாணவர் பள்ளியில் இருந்தபடியே கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் உள்ளூர் ஈராண்டுக் கல்லூரியின் பாடத்தைப் படித்து, கல்லூரி மதிப்பெண்ணையே பெறுகிறார். மின்னசோட்டா 1985இலும் வாஷிங்டன் மாநிலம் 1990இலும் இதற்குச் சட்டம் செய்தன. ஐடஹோ மாநிலம் 2016 முதல் ஒவ்வொரு மாணவருக்கும் 7 முதல் 12ஆம் வகுப்பு வரை செலவிட 4,125 டாலர் ஒதுக்கியது, அத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டது. தன் மாநில அரசுப் பல்கலைக்கழகத்துக்கே செல்லப்போகும் மாணவருக்கு இந்த வழியையே நான் முதலில் சொல்வேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: ஏ.பி.யில் 2 வாங்கினால் அதை யாருக்கும் காட்டாமல் விட்டுவிடலாம். கல்லூரிப் பாடத்தில் 16 வயதில் வாங்கிய 'சி' கல்லூரி ஆவணத்தில் நிலைத்து, மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் வரை கூடவே வரும்.

பள்ளியின் பக்கத்திலிருந்து பார்த்தால், கல்லூரிப் பாடம் நடத்தும் பள்ளி ஆசிரியருக்கு முதுகலைப் பட்டமும் அத்துறையில் 18 முதுநிலைக் கிரெடிட்டுகளும் வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. கல்வியியலில் முதுகலை பெற்ற எத்தனையோ நல்ல ஆசிரியர்கள் இந்த 18இல் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். ஏ.பி.க்கு இத்தகைய பட்ட விதி இல்லை. பாடத்திட்டம் ஒப்புதல் பெற்றால் போதும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளி வாரியத்தில் உறுப்பினராக இருக்கிறேன். ஆன்லைன் பாடங்களை வாங்கிவிட்டால் இந்தச் சிக்கல் முடிந்துவிடாதா?

பதில்: வாங்குவது நல்லதுதான் ஐயா. புளோரிடா 1997இலேயே தன் இணையப் பள்ளியைத் தொடங்கியது. மொன்டானாவின் டிஜிட்டல் அகாடமி 2010 முதல் இயங்குகிறது. 1980இல் டர்ஹம் நகரில் தொடங்கிய வட கரோலினா அறிவியல் கணிதப் பள்ளி, தன் விடுதியில் சேராத மாணவர்களுக்கும் தொலைவிலிருந்து பாடம் நடத்துகிறது. பள்ளியின் இணைய இணைப்புச் செலவைக் குறைக்க, 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழிவந்த 'ஈ-ரேட்' திட்டம் 20 முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி தருகிறது; இதற்கு உங்கள் மாவட்டம் ஆண்டுதோறும் விண்ணப்பிக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.

ஆனால் நூலக மூலையில் ஒரு கணினியும் காதொலிப்பானும் கொடுத்துப் பிள்ளையைத் தனியே உட்கார வைத்தால், அக்டோபருக்குள் பாதிப் பேர் விலகிவிடுவார்கள் என்பதே என் அனுபவம். திரையில் இருக்கும் ஆசிரியருக்குப் பாடம் தெரியும். பிள்ளையின் முகம் தெரியாது. அறையில் இருக்கும் பெரியவருக்கு இயற்பியல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, யார் மூன்று நாளாக ஒப்படைப்பைத் தராமல் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தில் ஊர்ப்புறப் பள்ளி மாவட்டங்கள் சில ஒன்றுகூடி 2017இல் ஏ.பி. இயற்பியலைத் தொடங்கியபோது, காணொளிப் பாடத்தோடு நிற்காமல் வகுப்பறையில் உள்ளூர் ஆசிரியரையும், தொலைவிலிருந்து உதவப் பல்கலைக்கழக மாணவர்களையும் சேர்த்தே வைத்தன. உங்கள் வாரியம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அந்த நேரத்தில் அறையில் இருக்கப்போகிறவர் யார், அவருக்கு அந்த மணி நேரம் பணிநேரமாகக் கணக்கிடப்படுமா என்ற இரண்டுக்கும் எழுத்தில் விடை பெறுங்கள்.

கேள்வி: நான் 11ஆம் வகுப்பு மாணவன். எங்கள் பள்ளியில் ஏ.பி. உளவியல் இல்லை. நானே படித்துத் தேர்வு எழுதலாமா?

பதில்: எழுதலாம் தம்பி. வகுப்பில் சேராமலே தேர்வுக்கு மட்டும் பதிவு செய்ய முடியும். உன் பள்ளியில் அத்தேர்வு நடக்காவிட்டால், அதை நடத்தும் பக்கத்துப் பள்ளியின் ஏ.பி. ஒருங்கிணைப்பாளரைச் செப்டம்பரிலேயே கேள். பதிவு நவம்பர் நடுவில் முடிந்துவிடும். கட்டணம் ஏறத்தாழ 100 டாலர். குடும்ப வருமானம் குறைவானால் சலுகை உண்டு. கல்லூரி கிரெடிட் பெற அதே காலேஜ் போர்டு நடத்தும் 'கிளெப்' தேர்வுகளையும் பார். வகுப்பே தேவையில்லை, மே மாதத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். நீ சேர விரும்பும் கல்லூரி கிளெப்பை ஏற்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்.

கேள்வி: மென்பொருள் பொறியாளனாக இருக்கிறேன். வார இறுதியில் ஊர்ப்புற மாணவருக்குக் கணினியியல் கற்பிக்க ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: மாணவரிடமிருந்து தொடங்காதீர்கள், ஆசிரியரிடமிருந்து தொடங்குங்கள். மைக்ரோசாஃப்டில் 2009இல் உருவான 'டீல்ஸ்' திட்டத்தில், பொறியாளர்கள் பள்ளி ஆசிரியரோடு இணைந்து பாடம் நடத்துவார்கள். ஓரிரு ஆண்டுகளில் அந்த ஆசிரியர் தாமே நடத்தும் நிலைக்கு வருவார். நீங்கள் நேராக மாணவருக்குக் கற்பித்தால், உங்களுக்கு வேலை மாறும் நாளில் அந்த வகுப்பும் முடிந்துவிடும். 2016இல் வந்த ஏ.பி. கணினியியல் கோட்பாடுகள் என்ற பாடத்துக்கு மாணவரிடம் முன்நிரலாக்க அறிவு எதிர்பார்க்கப்படுவதில்லை என்பதால், வரலாற்று ஆசிரியரைக்கூட இதற்குத் தயார் செய்ய முடியும்.

கேள்வி: மகன் 7ஆம் வகுப்பு. அடுத்த ஆண்டு இயற்கணிதத்தில் சேர்க்கக் கேட்டால், ஆசிரியர் பரிந்துரை இல்லை என்கிறார்கள். மாநிலத் தேர்வில் அவன் நல்ல மதிப்பெண்தான் பெற்றிருக்கிறான்.

பதில்: பரிந்துரையை மட்டும் நம்பும் முறையில், அமைதியாக இருக்கும் பிள்ளையும் பெற்றோர் வந்து கேட்காத பிள்ளையும் விடுபட்டுப் போகிறார்கள். டெக்சாஸ் மாநிலம் 2023இல் செய்த சட்டத்தின்படி, 5ஆம் வகுப்பு மாநிலக் கணிதத் தேர்வில் முதல் 40 விழுக்காட்டில் வரும் மாணவர் 6ஆம் வகுப்பில் மேம்பட்ட கணிதத்தில் தாமாகவே சேர்க்கப்படுவர். வேண்டாம் என்றால் பெற்றோர்தான் எழுதித் தர வேண்டும். வட கரோலினாவும் 2018இல் இதே போக்கில் ஒரு சட்டம் செய்தது. உங்கள் மாநிலத்தில் இத்தகைய விதி உண்டா என்று கல்வித் துறையின் தளத்தில் பாருங்கள். இல்லாவிட்டால், மாவட்டத்தின் கணிதச் சேர்க்கை விதியை எழுத்தில் கேட்டுப் பெற்று, மகனின் தேர்வு அறிக்கையோடு முதல்வரைச் சந்தியுங்கள். பிப்ரவரிக்குள் போய்விடுங்கள், மார்ச்சில் அட்டவணை வகுக்கத் தொடங்கிவிட்டால், முதல்வரே மனம் வைத்தாலும் இடம் பிடிப்பது கடினம்.