மாத்திரையை நிறுத்தியது சரியா?

கேள்வி: வயது 48. மன்னார்குடி பக்கம் விவசாயம். ஒல்லியான உடம்பு, சர்க்கரை இல்லை. மொத்தக் கொலஸ்ட்ரால் 260, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 178, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பு) 210 இருந்தது. டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் 10 என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் எல்.டி.எல். 108 ஆனது. கொழுப்பு கரைந்துவிட்டதென்று மாத்திரையை விட்டுவிட்டேன். இப்போது பச்சைப் பூண்டு மட்டும் சாப்பிடுகிறேன். அப்பா 51 வயதில் மாரடைப்பில் இறந்தார். நான் செய்தது சரியா?

பதில்: சரியில்லை ஐயா. கடைசியாக எழுதிய அப்பா விஷயம்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், உங்களுக்கும் ஆபத்து கூடுதல். ஒல்லி உடம்பு அதற்குக் காப்பு இல்லை. கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் கல்லீரலே தயாரிக்கிறது. ஆள் குண்டா ஒல்லியா என்று அது பார்ப்பதில்லை.

அந்த 108 மாத்திரை கொடுத்த எண். கல்லீரலின் கொலஸ்ட்ரால் தயாரிப்பை மாத்திரை குறைக்கிறது. அதனால் ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைக் கல்லீரல் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. மடையை அடைத்திருக்கும் வரைதான் வயலில் தண்ணீர் ஏறாது, இல்லையா? மாத்திரையை விட்ட சில வாரத்தில் பழைய அளவு திரும்பிவிடும். பூண்டு தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அதனால் குறைவது கொஞ்சம்தான்.

ட்ரைகிளிசரைடு 210க்குத் தட்டைப் பார்க்க வேண்டும். காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி மறுபடி சோறு, நடுவே சர்க்கரை போட்ட டீ: டெல்டாவில் பெரும்பாலான வீடுகளில் இதுதான். முன்பு நடவும் அறுப்பும் அதை எரித்தன. இப்போது மிஷின் இறங்குகிறது, நாம் வரப்பில் நிற்கிறோம். மதியம் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கீரையோ அவரைக்காயோ வையுங்கள். கொள்ளு ரசம் நல்லது. பாமாயிலில் ஏறக்குறைய பாதி, எல்.டி.எல்.லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு. அதற்குப் பதில் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ அளவாக ஊற்றலாம். மத்தி மீன் கிடைத்தால் குழம்பு வையுங்கள், வறுக்க வேண்டாம். குடிப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ட்ரைகிளிசரைடை அது நன்றாக ஏற்றும். அப்புறம், தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்த்து மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். தைராய்டு குறைவாக இருந்தாலும் எல்.டி.எல். ஏறும், அந்த டெஸ்டையும் கேளுங்கள். காரணமில்லாமல் தசை வலித்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே அவரிடம் சொல்லுங்கள். 6 முதல் 12 வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பிள்ளைகளையும் கூட்டிப் போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.