ஜெர்மன் மீட்டிங், ஜப்பான் மௌனம், அமெரிக்கப் பாராட்டு: புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் எழுதியதை நிதானமாகப் படித்தேன். ஸ்டுட்கார்ட் பக்கம் ஓர் இயந்திர உதிரிபாக நிறுவனத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. மீட்டிங்கில் நீங்கள் காட்டிய அட்டவணையைப் பார்த்து ஒரு ஜெர்மன் சக ஊழியர் எல்லார் முன்னாலும் "இது சரிவராது" என்று சொல்லிவிட்டார். ஜப்பான் வாடிக்கையாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு இப்போது "பரிசீலித்துக்கொண்டிருக்கிறோம்" என்று மட்டும் எழுதுகிறார், உங்கள் மேனேஜரோ "ஆமாவா, இல்லையா?" என்று நெருக்குகிறார். அமெரிக்கக் கிளை "பிரமாதம்" என்று சொன்ன வரைவு திரும்பி வந்துவிட்டது. "எனக்கு வேலை தெரியவில்லையா, இல்லை என்னை இவர்களுக்குப் பிடிக்கவில்லையா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. மூன்று பேரும் உங்களிடம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: திட்டத்தில் ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை. ஒருவர் அதைப் பட்டென்று போட்டு உடைத்தார், ஒருவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஒருவர் பாராட்டுக்குப் பின்னால் வைத்துச் சொன்னார். வெளிநாட்டு வணிகத்துக்கு வருகிறவர்களுக்கு எப்படிக் கைகுலுக்குவது, விசிட்டிங் கார்டை எப்படி இரண்டு கையால் வாங்குவது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பார்த்துப் பார்த்தே பழகிவிடும். மறுப்பு எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் வழியாக வரும் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பணமும் நாளும் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

இங்குள்ள மீட்டிங்கையே எடுத்துக்கொள்வோம். அழைப்பிலேயே பேசப்போகும் விஷயங்கள் வரிசையாக இருக்கும். ஒன்பது மணி என்றால் ஒன்பதுக்குப் பேச்சு தொடங்கிவிடும். ஒருவர் மடிக்கணினியில் புரோட்டோகால், அதாவது மீட்டிங் குறிப்பு, எழுதிக்கொண்டிருப்பார்: யார், எதை, எதற்குள். கெடு பெரும்பாலும் தேதியாக இருக்காது, 38-ஆம் வாரம், 39-ஆம் வாரம் என்று காலண்டர் வார எண்ணாக இருக்கும். அந்தக் கட்டத்தில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் அது வாக்குக் கொடுத்த மாதிரி. அதனால்தான் குறை இருந்தால் பெயர் ஏறும் முன்பே, அந்த அறையிலேயே சொல்லிவிடுகிறார்கள். மீட்டிங் முடிந்தபின் தனியாக வந்து சொன்னால், "உள்ளே இருக்கும்போது ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பார்கள். எல்லார் முன்னாலும் சொல்வது உங்களைத் தாழ்த்த அல்ல. பிழை இன்னும் மலிவாக இருக்கும்போதே திருத்திவிடலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு.

அடுத்த முறை "சரிவராது" என்று யாராவது சொன்னால் விளக்கம் கொடுக்கத் தொடங்காதீர்கள். "எந்த இடத்தில்?" என்று மட்டும் கேளுங்கள். "சோதனை மேடை அந்த வாரம் வேறு டீமுக்குப் போகிறது, உங்கள் மூன்றாவது கட்டம் நிற்கும்" என்று பதில் வரும். பார்த்தீர்களா, அதில் உங்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எங்கள் பிரிவில் இரண்டு பொறியாளர்கள் ஒரு வால்வுக்காக அரை மணி நேரம் மோதினார்கள்; ஒருவர் கணக்கை இன்னொருவர் அடித்துத் திருத்தினார். கதவைத் திறந்து வெளியே வந்ததும் காபி அறையில் நின்று சனிக்கிழமை எந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நடிப்பு இல்லை, அவர்களுக்கு அது இரண்டு வேறு விஷயங்கள்.

பாராட்டு வரவில்லை என்றும் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் இருப்பது ஸ்வாபியர்கள் ஊர், தம்பி. "திட்டவில்லை என்றால் அதுவே போதுமான பாராட்டு" என்று பழமொழியே வைத்திருப்பவர்கள். உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு "பொருந்துகிறது" என்று ஒருவர் சொன்னால் சந்தோஷப்படுங்கள்.

இதில் உங்களுக்கு உடனே உதவக்கூடியது ஒன்று உண்டு: கெட்ட செய்தியை முன்கூட்டியே சொல்வது. கெடு தவறும் என்று தெரிந்தால் எப்படியாவது ஓடியாடி முடித்துவிடலாம் என்று கடைசி நாள் வரை வாயை மூடிக்கொண்டிருப்பது இங்கே பெரிய குற்றமாகப் படும். தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், தாமதம் தெரிந்தும் சொல்லாததைப் பொறுக்க மாட்டார்கள். மெயில் இவ்வளவு போதும்: "38-ஆம் வாரம் தருவதாகச் சொன்ன வரைபடம் 39-ஆம் வாரம் புதன்கிழமை வரும். சப்ளையரிடமிருந்து அளவுகள் இன்னும் வரவில்லை. வெல்டிங் வேலை பாதிக்கப்படாது, பரிசோதனை இரண்டு நாள் தள்ளும். அது உங்களுக்குச் சிக்கல் என்றால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள்." மன்னிப்பு, முகவுரை எதுவும் வேண்டாம். இப்படி எழுதுகிறவரை இங்கே நம்புவார்கள்.

சரி, ஜப்பானுக்கு வருவோம். உங்களுக்கு உண்மையான சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அங்கே மீட்டிங் என்பது முடிவு எடுக்கிற இடம் அல்ல. நெமவாஷி என்று ஒரு வழக்கம் உண்டு: சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக முன்பே பேசி, அவரவர் சந்தேகத்தைத் தீர்த்து, எல்லாம் கூடிவந்தபின் மீட்டிங்கில் அதை உறுதி செய்வார்கள். பல நிறுவனங்களில் ஒரு முன்மொழிவு மேசை மேசையாகச் சுற்றி ஒவ்வொருவர் முத்திரையும் வாங்கித்தான் மேலே போகும். இதற்கு நாள் பிடிக்கும். ஆனால் முடிவான பிறகு வேலை வேகமாக நடக்கும், ஏனென்றால் எதிர்க்க ஆள் மிச்சமிருக்காது. நீங்கள் என்ன செய்தீர்கள்? முப்பது பக்கத்தை மீட்டிங்கில்தான் முதன்முதலாகத் திறந்து காட்டி, கடைசியில் "சம்மதமா?" என்று கேட்டீர்கள். அவர்கள் தலையாட்டியது "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதற்காக. சம்மதம் சொல்லும் அதிகாரம் அந்த அறையில் யாரிடமும் இருந்திருக்காது.

இனி இப்படிச் செய்யுங்கள். முன்மொழிவை நன்றாக முன்கூட்டியே அனுப்புங்கள். அந்தப் பக்கத்தில் உங்கள் நிலையில் இருப்பவர் யார் என்று பாருங்கள், அவருக்குத் தனியாக எழுதி, "உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு எந்தப் பகுதியில் கூடுதல் விவரம் தேவைப்படும்?" என்று கேளுங்கள். ஆமா, இல்லை என்று பதில் சொல்லவைக்கும் கேள்வியைப் பலர் முன்னால் கேட்காதீர்கள். பேச்சுக்கு நடுவே மௌனம் வந்தால் நீங்கள் நிரப்ப வேண்டாம், அவர்கள் யோசிக்கட்டும். "பரிசீலிக்கிறோம்" என்ற பதிலோடு ஒரு கேள்வியோ தேதியோ சேர்ந்து வந்தால் விஷயம் உயிரோடு இருக்கிறது. கேள்வியும் இல்லை, தேதியும் இல்லை, "சற்றுக் கடினம்" என்று மட்டும் வந்தால் அது பெரும்பாலும் மறுப்பு. அதை வாயால் சொல்லச்சொல்லி வற்புறுத்தினால் உறவுதான் கெடும். விலையையோ கெடுவையோ மாற்றி இன்னொரு வழியோடு போங்கள்.

உங்கள் மேனேஜரிடம் "இன்னும் தெரியவில்லை" என்று சொல்லாதீர்கள். "உள்ளுக்குள் சுற்றில் இருக்கிறது, தரக்கட்டுப்பாட்டின் கேள்வி ஒன்று பாக்கி, வெள்ளிக்கிழமைக்குள் அதற்குப் பதில் கொடுக்கிறோம்" என்று சொல்லுங்கள். ஜெர்மானியர்கள் கேட்பது தெளிவை. அந்தத் தெளிவை நீங்கள் உருவாக்கிக் கொடுக்கலாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், தம்பி: சொல்லாததைக் கேட்கத் தெரிந்த ஆள் இங்கே கிடைப்பது அரிது. பெரியவர் முகம் பார்த்து மனதைப் படித்து வளர்ந்த உங்களுக்கு அது கைவசம் இருக்கிறது. அதைக் கூச்சமாக எண்ணி உதறிவிடாதீர்கள். ஜெர்மானியர் முன்னால் நேராகவும் ஜப்பானியர் முன்னால் மென்மையாகவும் ஒரே ஆள் பேசலாம், அதில் பொய் எதுவும் இல்லை.

அமெரிக்கா எளிது. முதலில் பாராட்டு வரும், அதை மரியாதையாக எடுத்துக்கொண்டு கீழே போங்கள். "இந்தப் பகுதியை இன்னும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாமே" என்று ஒரு வரி இருக்கும். அதுதான் விஷயம், பெரும்பாலும் அது யோசனை அல்ல, மாற்றச் சொல்வது. சந்தேகம் இருந்தால், "இதை மாற்றினால்தான் ஒப்புதலா, மாற்றாமலும் போகலாமா?" என்று கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். நெதர்லாந்துக்காரர்களோடு வேலை வந்தால் ஜெர்மானியர்களையே மென்மையானவர்கள் என்று நினைப்பீர்கள். அங்கே பயிற்சிக்கு வந்த பையன்கூட இயக்குநரிடம் "இதை நான் ஏற்கவில்லை" என்பான், அவரும் காரணம் கேட்பார்.

சில நிறுவனங்களில் இதற்கென்று பயிற்சி வைத்து நாடுவாரியாகக் கட்டங்கள் காட்டுவார்கள். அந்தக் கட்டங்களில் பலவும் கேர்ட் ஹோஃப்ஸ்டேட என்ற டச்சு ஆய்வாளரிடமிருந்து வந்தவை. 1960களின் கடைசியிலும் 1970களின் தொடக்கத்திலும் பல நாடுகளிலிருந்த ஐபிஎம் ஊழியர்களிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களைத் திரட்டி, அதிகார இடைவெளி (மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் நடுவே உள்ள தூரம்), தனிமனிதப் போக்கு என்று அளந்தவர். படியுங்கள், நல்லதுதான். ஆனால் அவை நாட்டின் சராசரி. உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர் சராசரி அல்ல. ஹாம்பர்க்கில் வளர்ந்தவரும் ஸ்டுட்கார்ட்டில் துருக்கிய வீட்டில் பிறந்தவரும் அமெரிக்காவில் படித்துத் திரும்பியவரும் ஒரே டீமில் இருப்பார்கள். ஆளைப் பார்த்துப் பழகுங்கள். வேலை முறை ஒட்டாமல் போனதற்கு ஓர் உதாரணமும் உண்டு: அதே ஸ்டுட்கார்ட்டின் கார் நிறுவனமான டைம்லர் 1998-இல் அமெரிக்காவின் கிரைஸ்லரோடு இணைந்து 2007-இல் பிரிந்தது. அதற்குப் பணக் காரணங்களும் உண்டு. ஆனாலும் இரு பக்கத்தாரின் வேலை முறையும் சம்பளக் கணக்கும் ஒட்டவே இல்லை என்று இன்றும் பேசுகிறார்கள்.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள். இங்கே 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு, 1,500 என்றால் ஒன்றரை. விலைப்பட்டியல் அனுப்பும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 03/04 என்று தேதி போடாதீர்கள், மாதத்தை எழுத்தில் போடுங்கள். அமெரிக்காவில் கடிகாரத்தை மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றுகிறார்கள், இங்கே மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் நியூயார்க்கோடு ஆறு மணி நேர வித்தியாசம் ஐந்தாகிவிடும். ஜப்பானில் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை, அதனால் குளிர்காலத்தில் எட்டு மணி, கோடையில் ஏழு. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை அங்கே தொடர் விடுமுறை, அப்போது பதில் எதிர்பார்க்க வேண்டாம். காலையில் டோக்கியோ, இரவில் சிகாகோ என்று நீங்களே எல்லா அழைப்புக்கும் தலையைக் கொடுக்காதீர்கள். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் தொடங்கும் முன் 11 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பது இங்குள்ள வேலைநேரச் சட்டம். மேனேஜரிடம் அதைச் சொல்லி நேரத்தை மாற்றக் கேட்பது உங்கள் உரிமை. மேலதிகாரியைப் பெயர் சொல்லி, 'டு' (நம் 'நீ' மாதிரி) போட்டுக் கூப்பிடலாமா என்று கேட்டீர்கள். அவராக முன்வந்து சொல்லும் வரை 'ஸீ' (நம் 'நீங்கள்'), திரு இன்னார். சில நிறுவனங்களில் முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் 'டு'தான். பக்கத்து மேசையில் கேட்டால் தெரிந்துவிடும்.

பிடிக்கவில்லையோ என்று கேட்டதற்கும் நேராகப் பதில் சொல்கிறேன். பாகுபாடு இங்கே இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அந்த நேரடிப் பேச்சு எல்லாருக்கும் விழுகிறதா, உங்களுக்கு மட்டுமா? குறை வேலையைப் பற்றியதா, உங்கள் பெயர், நிறம், உச்சரிப்பைப் பற்றியதா? மெயிலில் உங்களை மட்டும் விட்டுவிடுகிறார்களா? உங்களுக்கு மட்டும்தான் என்றால் அதைப் பண்பாட்டு வேறுபாடு என்று விழுங்கிவிடாதீர்கள். தேதி, இடம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர் என்று குறித்துவையுங்கள். 2006-இல் வந்த சமத்துவச் சட்டம் இருக்கிறது. நிறுவனத்துக்குள்ளேயே புகார் கொடுக்க அது உரிமை தருகிறது. இழப்பீடு கேட்பதென்றால் பொதுவாக இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் கேட்க வேண்டும், அதனால் பொறுத்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாதீர்கள். உங்கள் நிறுவனத்தில் ஊழியர்களே தேர்ந்தெடுத்த ஊழியர் மன்றம் இருந்தால் முதலில் அங்கே போய்ப் பேசுங்கள். கூட்டாட்சி அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகத்திலும் இலவச ஆலோசனை உண்டு. நீங்கள் எழுதிய சம்பவத்தில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை, ஆனால் அறையில் இருந்தது நீங்கள்.

நான்கு மாதம் ஆகிவிட்டது என்றீர்கள். உங்கள் ஒப்பந்தத்தில் பரிசோதனைக் காலம் ஆறு மாதம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் பொதுவாக இரண்டு வார நோட்டீஸில் இரு தரப்பும் விலகலாம். ஆறாவது மாதக் கடைசி வரை காத்திருக்காமல் இந்த வாரமே மேனேஜரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். "எப்படி இருக்கிறேன்?" என்று கேட்டால் "நன்றாக" என்பதோடு நின்றுவிடும். "ஜப்பான் வேலையில் நான் எதை மாற்ற வேண்டும்? அட்டவணையில் எதை நீங்கள் வேறு மாதிரி செய்திருப்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வது காதுக்குக் கடுமையாக இருக்கலாம். எழுதிக்கொண்டு, அன்று மாலையே மூன்று வரியில் அவருக்கு அனுப்புங்கள்: இதை இந்த வாரத்துக்குள் மாற்றுகிறேன் என்று. பிறகு அந்த வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள். பேசியபின் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். எந்த வரியாவது புரியாவிட்டால் அப்படியே அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.