துப்பாக்கி விசை (ட்ரிகர்) கனம், சேஃப்டி: டெல்டா வாசகர்களுக்குப் பதில்கள்

என் .32 ரிவால்வரின் விசை கல் மாதிரி இருக்கிறது. ஸ்பிரிங்கை வெட்டி இளக்கித் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?
(அரிசி ஆலை உரிமையாளர், மன்னார்குடி)

வேண்டவே வேண்டாம். ஹேமரை (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியல்) முன்கூட்டி இழுத்து வைக்காமல் சுடும்போது, ஹேமரைத் தூக்குவது, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைத் திருப்புவது, ஹேமரை விடுவிப்பது என எல்லாமே அந்த ஒரே இழுப்பில் நடக்கிறது. அதற்கு நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை அழுத்தம் தேவைப்படுவது இயல்புதான். ஹேமரை அடிக்க வைப்பதும் அதே ஸ்பிரிங்தான். அதை வெட்டினால் அடி வலுவிழக்கும், தோட்டா வெடிக்காமலே போகலாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ‘டிக்’ சத்தம் மட்டும் வந்தால் என்ன செய்வீர்கள்? தவிர, 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே குற்றம். முன்பு இல்லாத இறுக்கம் இப்போது வந்திருந்தால், லைசென்ஸ் உள்ள டீலரிடம் காட்டுங்கள்.

மகள் ஏர் பிஸ்டல் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள். அந்த விசை பூப்போல இருக்கிறது. வீட்டுத் துப்பாக்கியில் மட்டும் ஏன் இவ்வளவு கனம்?
(திருவையாறு)

பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் விசை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 25 மீட்டர் சென்டர்ஃபயர் பிஸ்டல் போட்டியில் ஒரு கிலோ. அங்கே சுடுபவர் மூச்சை நிதானமாக்கி, குறி பார்த்து, வேண்டும் என்று தோன்றும் நொடியில்தான் விரலை அழுத்துகிறார்.

நடுராத்திரியில் கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டு எழுபவரின் நிலைமை வேறு. பயத்தில் கை தானாக இறுகும். இடது கையால் கதவைத் தள்ளினால் வலது கை விரல்களும் கூடவே மடங்கும். விசை கனமாக இருந்தால்தான் அந்த இறுக்கம் குண்டாக மாறாது. ரிவால்வரின் ஹேமரை முன்கூட்டியே இழுத்து வைத்துவிட்டால் இந்தக் காப்பு போய்விடும்: விசை ஒன்றரை, இரண்டு கிலோவுக்கு இறங்கிவிடும். வீட்டுக்குள் அப்படி வைத்துக்கொண்டு நடமாடாதீர்கள். எந்தத் துப்பாக்கியானாலும், சுட முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே நீட்டியபடி இருக்கட்டும்.

சேஃப்டி போட்டுவிட்டால், பிஸ்டலைத் தோட்டாவோடு பீரோவில் வைக்கலாமா? பிள்ளைகள் உள்ள வீடு.
(கும்பகோணம்)

கூடாது. சேஃப்டி என்பது துப்பாக்கி சுடாமல் தடுக்கும் ஒரு சின்ன லீவர், அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளை அதை விளையாட்டாகத் தள்ளிவிடும். மேகசினை (பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டி) கழற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறை) ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், அப்புறம் ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) பின்னுக்கு இழுத்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரல் நுனியாலும் தடவிப் பாருங்கள். பிறகு பூட்டுங்கள். தோட்டாக்கள் வேறு பூட்டில் இருக்கட்டும்.

தாத்தா காலத்து ரிவால்வர். சேஃப்டியே இல்லை. ஆபத்தா?
(தஞ்சாவூர்)

ரிவால்வர்களில் பெரும்பாலும் தனி லீவர் இருக்காது, கனமான விசையே காப்பு. பழையதில் கவலை வேறு: கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பது. 1944இல் அமெரிக்கக் கடற்படையில் ஒரு ரிவால்வர் தளத்தில் விழுந்து வெடித்து மாலுமி இறந்தார். அதற்குப் பிறகே ஸ்மித் அண்ட் வெஸன் ஹேமரைத் தடுக்கும் புதிய கட்டையைப் பொருத்தியது. உங்களுடையதில் அப்படி ஒரு தடுப்பு உண்டா என்று டீலரிடம் கேளுங்கள். இல்லையென்றால், சிலிண்டரில் ஹேமருக்கு நேரே நிற்கும் தோட்டா அறை எப்போதும் காலியாக இருக்கட்டும்.

பிஸ்டலின் சேஃப்டி லீவர் நகரவே மாட்டேன் என்கிறது.
(நாகப்பட்டினம்)

உப்புக்காற்று ஒரு காரணம். இன்னொன்று, அவசரத்துக்குத் தடவும் தேங்காய் எண்ணெய். ஒருவர் கொண்டுவந்த பிஸ்டலில் லீவரின் அடியில் அது மஞ்சள் பிசினாக உறைந்து, மணலும் ஒட்டியிருந்தது. துப்பாக்கி எண்ணெய் மட்டும், அதுவும் ஒரு துளி.

தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த பிஸ்டல் திரும்பி வந்திருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?
(மயிலாடுதுறை)

காலியா என்று முதலில் பாருங்கள். பிறகு ஸ்லைடை இழுத்து விட்டு, சேஃப்டியைப் போட்டு, சுவர்ப்பக்கம் நீட்டி விசையை நன்றாக அழுத்துங்கள். ஹேமர் விழக்கூடாது. விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை விலக்குங்கள், அப்போதும் விழக்கூடாது. விழுந்தால், டீலர் பார்க்கும்வரை அதில் தோட்டா ஏற்றாதீர்கள்.